வீட்டில் தமிழ் பேசக் கூடாது என்கிறார் தெரபிஸ்ட், என்ன செய்வது?

செங்கோட்டை அம்மா

வணக்கம். மகனுக்கு நாலு வயது ஆகப் போகிறது. ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். பெரிய ஊரில் ஒரு தனியார் மையத்தில் தெரபி ஆரம்பித்தோம். வீட்டில் எல்லோரும் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேச வேண்டுமாம், இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடுவானாம். சாப்பாடு கையால் கூடாது, ஸ்பூன்தான். டாய்லெட் பழக்குவதும் வெஸ்டர்னில்தான், எங்கள் வீட்டில் இருப்பதோ இந்தியன் டாய்லெட். நான் வேலைக்குப் போகிறேன், பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்வது மாமியார். அவருக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. இப்போது பேரனிடம் வாயைத் திறக்கவே பயப்படுகிறார். கேட்டால், "நான் பேசினா பிள்ளைக்குக் கெடுதல்னு சொல்லிட்டாவளே" என்று கண் கலங்குகிறார்.

இன்னொன்று. என் கணவர் எனக்கு அத்தை மகன். அது தெரிந்ததும், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று சத்தமாகச் சொன்னார்கள். பிள்ளை கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் கேட்காமல் கத்தரித்துவிட்டார்கள். அதிலிருந்து மாமியார் அந்தப் பக்கமே வர மாட்டேன் என்கிறார். தெரபியை நிறுத்த எனக்கு மனமில்லை. தமிழ் பேசுவது உண்மையிலேயே தப்பா? எங்களை மாதிரி வீட்டுக்கு ஏற்றபடி சொல்லித்தருகிற இடம் பக்கத்தில் உண்டா?

மதுரை சிறப்பாசிரியர்

தமிழிலேயே பேசுங்கள் சகோதரி, மாமியாரையும் தாராளமாகப் பேசச் சொல்லுங்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை, இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான். பகல் முழுக்க கூட இருக்கிறவர் வாயை மூடிக்கொண்டால் பிள்ளை யாரிடமிருந்து பேச்சைக் கேட்பான்? வாரத்தில் சில மணி நேரத் தெரபி அதை ஈடுகட்டாது.

உங்கள் மாமியாருக்குத் தெரிந்த விளையாட்டே நல்ல பயிற்சி. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு கொடுத்து, கடைசியில் நண்டு ஊர்கிறது என்று கையில் ஏறி அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே, அதை விளையாடச் சொல்லுங்கள். முழங்கை வரை போனதும் நிறுத்திவிட்டுச் சும்மா காத்திருக்க வேண்டும். பிள்ளை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பான், அல்லது பாட்டி கையைப் பிடித்து மேலே இழுப்பான், "ம்" என்று ஒரு சத்தம் கூட வரலாம். அதுதான் அவன் "இன்னும் வேண்டும்" என்று கேட்பது, உடனே கிச்சுக்கிச்சு மூட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் ஒன்றும் வராமல் போகலாம், அவசரப்பட வேண்டாம். தெரபி அறையில் விலை உயர்ந்த பொம்மையை வைத்துச் செய்வதும் இதே வேலைதான்.

படம் காட்டிக் கற்பிக்கும் அட்டைகளும் அப்படியே. சாண்ட்விச்சும் பனி பொம்மையும் உள்ள கடை அட்டை எதற்கு? உங்கள் வீட்டுச் சொம்பு, அவன் சாப்பிடும் தட்டு, இட்லி, அவன் செருப்பு, எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து பிரிண்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள்.

எந்தக் கருவியை வைத்து மதிப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். உலகம் முழுக்கப் பயன்படுகிற ஆடோஸ் என்ற ஆட்டிசம் பரிசோதனையில் சின்னப் பிள்ளைகளுக்கு பொம்மையின் பிறந்தநாளைக் கொண்டாடி மெழுகுவர்த்தி ஊதும் பகுதி ஒன்று உண்டு. கேக்கே வெட்டிப் பார்க்காத பிள்ளை அதில் சும்மா உட்கார்ந்திருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைச் செய்கிறவர் யோசிக்க வேண்டும். நம் நாட்டிலேயே உருவாக்கிய ஐசா என்ற 40 கேள்வி அளவுகோல் இருக்கிறது, அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஸ்பூன் விஷயத்தில் மட்டும் ஒன்று. பிசுபிசுப்பு கையில் பட்டால் சில பிள்ளைகள் அலறுவார்கள், அவர்களுக்கு ஸ்பூன் உதவும். உங்கள் பையன் அப்படி இல்லை என்றால் கையால் சாப்பிடட்டும். அப்படி இருந்தாலும் பொரி, முறுக்கு, அப்புறம் இட்லி, கடைசியில் தயிர்சாதம் என்று மெல்லக் கொண்டுவரலாம்.

கடையம் அப்பா

உங்களுக்கு இடம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம், 1981-ல் தொடங்கியது. அங்கே போய்ப் பாருங்கள். அவர்களுடைய பணியாளர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பார்கள். என் மகளுக்கு மூளை முடக்குவாதம். வந்த பெண் முதலில் வீட்டைத்தான் சுற்றிப் பார்த்தார், சாப்பிடுவது எங்கே, குளிப்பது எங்கே என்று. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அதனால் சுவர் மூலையில் இவளைச் சாய்த்து, மடித்த வேட்டியை இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்து, எங்களோடு சேர்ந்தே உட்கார வைத்துப் பழக்கினார். நாற்காலி வாங்கச் சொல்லவில்லை. இந்தியன் டாய்லெட்டுக்கும் பக்கத்துச் சுவரில் கைப்பிடி அடித்துக் கொடுக்கச் சொன்னார், கொத்தனார் ஒரே நாளில் முடித்துவிட்டார். அவள் அம்மாச்சிக்கும் உட்கார வைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

அரசுப் பக்கம் ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013-ல் வந்தது, 18 வயது வரை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்ப்பது அந்தக் குழுதான். அவர்கள் அனுப்பிவைக்கிற இடம் டிஇஐசி என்கிற மாவட்ட ஆரம்பநிலைப் பயிற்சி மையம், கட்டணம் கிடையாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகையில் ஆட்டிசமும் இருக்கிறது, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே போட்டுவிடுங்கள். நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் கேட்கலாம்.

தூத்துக்குடி ரஹ்மத்

அந்த இடத்தில் உங்களை அப்படிப் பேசியதைப் படித்து வயிறு எரிகிறது தங்கச்சி. சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனால் சொந்தத்தில் கட்டாத எத்தனையோ வீடுகளில் ஆட்டிசம் இருக்கிறது. அடுத்த பிள்ளை பற்றி யோசித்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள், அங்கே கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் இருவரிடமும் மரியாதையாகப் பேசுவார்கள். அப்படித்தான் பேச வேண்டும்.

கயிறு, தாயத்து, தர்காவில் ஓதுவது எல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு. என் மகனுக்கு வலிப்பு வரும். இப்போது பார்க்கிற டாக்டர் முதல் நாளே "எங்கெல்லாம் போனீங்க, என்ன கொடுத்தாங்க" என்று சாதாரணமாகக் கேட்டார். "தாயத்து இருக்கட்டும், மாத்திரையை ஒரு வேளை கூட விடக் கூடாது" என்றார். என் மாமியார் அன்றைக்கே அவரை நம்பிவிட்டார். திட்டியிருந்தால் மறைத்திருப்போம். நீங்களும் நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பற்பம் செந்தூரம் மாதிரி மருந்தில் உலோகம் சேர்ந்திருக்கும்.

ஸ்காபரோ வதனி

நான் கனடாவில் இருக்கிறன். இங்கேயும் முந்தி ஆங்கிலம் மட்டும் கதையுங்கோ என்று சொன்னவை இருக்கினம். இப்ப என்ர மகளின் பேச்சுப் பயிற்சியாளர் வீட்டு மொழியிலேயே கதைக்கச் சொல்லுறா, அம்மம்மாவோடு அவள் வேறு எந்த மொழியில் கதைக்கிறது? ஆஸ்பத்திரிச் சந்திப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று முன்கூட்டியே சொல்லிப்போடுவோம், காசில்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதேங்கோ என்று அவையே சொல்லுவினம், தங்கச்சிக்கு என்ன வருத்தம் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை டாக்டரின் வாயால் கேட்டு அம்மாவுக்குச் சொல்லுறது பாவம் அல்லோ. இங்கே தமிழர் தொடங்கின சாக் ஆட்டிசம் நிலையமும் இருக்கு.

செங்கோட்டை அம்மா

எல்லோருக்கும் நன்றி. ரஹ்மத் அக்கா, நீங்கள் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணா, ஆய்க்குடிக்கு அவரையும் கூட்டிப் போகலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கடையம் அப்பா

கண்டிப்பாகக் கூட்டிப் போங்கள், அவர்தான் முக்கியம். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, இதுவரை பார்த்த ரிப்போர்ட், ஆதார் எல்லாம் ஒரு பைலில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வீட்டில் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் போனில் வீடியோ எடுத்துப் போங்கள், புது இடத்தில் பிள்ளை ஒன்றும் காட்ட மாட்டான். பழைய மையத்தில் மதிப்பீட்டு ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், தராமல் இழுத்தடித்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.