மறு: டைவ் வாட்ச், டிரெஸ் வாட்ச் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

வணக்கம்.

> டைவ் வாட்ச் – நீர்ப்புகாக் கடிகாரம்
> டிரெஸ் வாட்ச் – உடைக் கடிகாரம்

ஐயா, நீருக்குள் இறங்குவோர் கட்டும் டைவ் வாட்ச்சுக்கும், நல்ல உடையோடு அணியும் மெல்லிய டிரெஸ் வாட்ச்சுக்கும் நீங்கள் தந்த இந்தப் பெயர்கள் இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. ‘உடை’ என்றதும் உடைவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ‘நீர்ப்புகா’வில் இருக்கும் சிக்கல் இன்னும் பெரியது. பின்மூடியில் 30 மீட்டர் என்று பொறித்த கடிகாரத்தையும் கடையில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்றே சொல்லி விற்கிறார்கள். அது இறங்கக்கூடிய ஆழம் அல்ல, 3 பார் அழுத்தச் சோதனை (பார் என்பது அழுத்தத்தின் அலகு). கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். அதைக் கட்டிக்கொண்டு ஒகேனக்கல் அருவியடியில் நின்றால் உள்ளே நீர் இறங்கக்கூடும். ‘3 பார் நீர்தாங்கு’, ‘20 பார் நீர்தாங்கு’ என்று அளவோடு சேர்த்தே எழுதுவோம்.

டைவ் வாட்ச்சைத் தனி வகையாக்குவது தண்ணீரைத் தாங்குவது மட்டுமல்ல. ஐ.எஸ்.ஓ. 6425 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும், இருட்டில் 25 செ.மீ. தள்ளிப் பார்த்தாலும் நேரம் தெரிய வேண்டும், நீருக்குள் கழிந்த நேரத்தை அளக்கவும் வழி வேண்டும். அந்த வழிதான் முகப்பைச் சுற்றியுள்ள வளையம். அதன் தொடக்கப் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டு இறங்கினால், எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை முள்ளே காட்டிவிடும். வளையம் இடஞ்சுழியாக மட்டுமே திரும்பும். பாறையில் பட்டு நகர்ந்தாலும் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரியும். ஆள் முன்கூட்டியே மேலே வந்துவிடுவார், காற்று தீர்ந்து தவிக்க மாட்டார். உயிர் காக்கும் இந்த உறுப்புக்குக் ‘கழிநேர வளையம்’ என்று பெயர் வைக்கலாம்.

கடிகாரத்துக்கு ‘முக்குளிப்புக் கடிகாரம்’. நம் ஏரிகளில் முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை இருக்கிறதே, அந்தச் சொல்தான். மூழ்குவது தவறியும் நேரும். முக்குளிப்பது தானே இறங்கி மேலே வருவது.

காசியோவின் டூரோ கடிகாரத்தில் 200 மீட்டர் நீர்தாங்கு அளவு உண்டு, வளையமும் உண்டு. ஆனால் முகப்பில் ‘டைவர்ஸ்’ என்ற சொல் இல்லை. அந்த ஐ.எஸ்.ஓ. தரத்தில் தேறியவற்றுக்கே அது உரியது. ஆகவே டூரோவை ‘முக்குளிப்பு வகை’ என்போம்.

டிரெஸ் வாட்ச்சுக்கு ‘விழாக் கடிகாரம்’ என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். தினமும் அலுவலகத்துக்குக் கட்டிப் போகிறவர்கள் இருப்பதால் அது போதாது. மெலிவுதான் அதன் அடையாளம். ஓசூர் டைட்டனின் எட்ஜ் மொத்தமே 3.5 மி.மீ., அதன் இயக்கப்பொறி 1.15 மி.மீ. ‘மெல்லணிக் கடிகாரம்’ என்பது என் பரிந்துரை.

கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் முடியும், எது என்று கேட்ட தம்பிக்கு: முக்குளிப்பு வகையே வாங்குங்கள். டூரோ 12 மி.மீ. தடிமன், முழுக்கைச் சட்டைக்குள் அடங்காது, உண்மைதான். ஆனால் மெல்லணியின் தோல்பட்டை ஒகேனக்கல் எண்ணெய்க் குளியல் ஒன்றுக்கே கறுத்து விறைத்துவிடும். டூரோவின் பட்டையைக் கழுவித் துடைத்தால் போதும். கல்யாணத்துக்கு வேண்டுமானால் இரும்புப் பட்டை மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கடிகாரத்தின் பக்கவாட்டில் திருகும் குமிழான கிரவுனுக்கு ‘மகுடம்’ வேண்டாம். ‘சாவி கொடுக்கிறது’ என்று இன்றும் சொல்கிறோம், சாவியே இருக்கட்டும். மரை போட்டு இறுக்குவது ‘மரைச்சாவி’. ஓசூர் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் குழுவில் இருந்தால், அங்கே பேச்சில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அந்தச் சொல் நன்றாக இருந்தால் என்னுடையதை விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து