இடுப்பு மூட்டு மாற்றி ஏழு வாரம்: பழனி நடைக்குப் போக முடியுமா?

குன்றக்குடி நடை:
வணக்கம். வயது 54, காரைக்குடியை ஒட்டிய ஊர். வலது இடுப்பில் ரத்த ஓட்டம் நின்று பந்து எலும்பு உள்ளுக்குள் நொறுங்கிவிட்டது, ஏவிஎன் என்றார்கள். ஐப்பசி முதல் வாரம் மதுரையில் மூட்டு மாற்றினார்கள், பின்பக்கமாகத் திறந்து. இன்றைக்கு ஏழு வாரம்.

சும்மா உட்கார்ந்து பழகிய ஆள் இல்லை நான். காலை ஐந்தரைக்கு ஷட்டில், அப்புறம் கடை. 19 வருஷமாகப் பழனிக்குப் பாதயாத்திரை, நடுவில் அப்பச்சி தவறிய வருஷம் மட்டும்தான் போகவில்லை. ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரில் நடக்க வைத்தார்கள், மூன்றாம் வாரம் கைத்தடி, இப்போது வீட்டுக்குள் அதுவும் இல்லை. பழைய வலி சுத்தமாகப் போய்விட்டது, அதுதான் ஆசையைக் கிளப்புகிறது. ஆனால் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் உடம்பு வலப்பக்கமாகச் சாய்கிறது. வாத்து நடக்கிற மாதிரி இருக்கிறது என்று மகள் வீடியோ எடுத்தே காட்டிவிட்டாள். சாயங்காலம் பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிகிறது, காலையில் வற்றிவிடுகிறது.

டாக்டரிடம் கேட்டால் "நடங்க, நல்லா நடங்க" என்கிறார். எவ்வளவு என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

பூசத்துக்கு எட்டு வாரம் இருக்கிறது. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிற நடை, நாளைக்கு இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. போகலாமா? ஷட்டில் எப்போது? தையில் தங்கை மகன் கல்யாணம், பந்தியில் சம்மணம் போட்டு உட்காரலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். ஓய்வெடுங்கள் என்று மட்டும் எழுத வேண்டாம், அதைச் சொல்ல வீட்டிலேயே பதினோரு பேர் இருக்கிறார்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, நான் பன்னிரண்டாவது ஆளாகச் சொல்ல வரவில்லை. எனக்கு இடது பக்கம் மாற்றி நாலு வருஷம் ஆகிறது. வலி இல்லாமல் போனதுதான் என்னைக் கவிழ்த்தது.

ஆறாவது வாரம். முகப்பு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தேன், மூக்குக்கண்ணாடிக் கூடு காலடியில் விழுந்தது. எங்கள் ஊஞ்சல் தாழ்வு, உட்கார்ந்தாலே முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடும். அப்படியே குனிந்து, காலை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினேன். டொக் என்று ஒரு சத்தம், அடுப்படியில் இருந்த மருமகளுக்கே கேட்டதாம். கால் உள்பக்கம் திரும்பி, குட்டையாகிக் கிடந்தது. ஆம்புலன்ஸ், மயக்க மருந்து, இழுத்துப் பொருத்தினார்கள். மறுபடி கத்தி வைக்கவில்லை, அந்த மட்டில் தப்பித்தேன். ஆனால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

உங்களுக்கும் பின்பக்கத் திறப்பு என்பதால் சொல்கிறேன். இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்காதீர்கள், கால்மேல் கால் போடாதீர்கள், பாதத்தை உள்பக்கம் திருப்பாதீர்கள், தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. இதெல்லாம் எத்தனை வாரம் என்பதை உங்கள் டாக்டர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் சொல்வார்கள். எதிர்த் திண்ணையில் இருப்பவர் முன்பக்கமாகத் திறந்து செய்திருந்தால் அவருக்குச் சொன்னது வேறு, அதைக் கேட்டு நடக்கக் கூடாது.

அப்புறம் நம் வீடுகள். முகப்பிலிருந்து அடுப்படிக்குப் போக எங்களுக்கு நாலு நிலைவாசல். கார்த்திகை மழையில் வளவு முற்றத்துச் சாரல் ஆத்தங்குடிக் கல்லில் பட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். கைத்தடி அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே புரட்டிப் பாருங்கள், என்னுடையது மொழுமொழுவென்று இருந்ததை மருமகள்தான் கண்டுபிடித்தாள். வெஸ்டர்ன் டாய்லெட்டும் தாழ்வாக இருந்தால் மேலே உயரம் கூட்டும் சீட் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். கல்யாணத்தில் பந்திப்பாய் வேண்டாம். மேசை போடச் சொல்ல மாமனுக்குக் கூச்சமா?

பிசியோ, புதுவயல் பக்கம்:
அண்ணே, சாய்கிறது என்றீர்களே, விஷயமே அதுதான். இடுப்புக்குப் பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ் என்று ஒரு தசை. வலது காலில் மட்டும் நிற்கும் நொடியில் இடது பக்க இடுப்பு தொங்காமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு காலம் நொண்டினீர்களோ அவ்வளவு காலம் அது வேலை செய்யாமல் இளைத்திருக்கும். மூட்டு புதுசு, தசை பழசு. அது களைத்ததும் உடம்பு சாய்ந்து சமாளிக்கிறது. சாய்ந்தபடியே பத்து கிலோமீட்டர் நடந்தால் அந்த நடைதான் பழகும், முதுகும் சேர்ந்து வலிக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். நிலைக்கண்ணாடி முன்னால், விரல் நுனியை மேசையில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் காலில் மட்டும் இருபது எண்ணும் வரை நில்லுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும். மற்ற பக்கம் இடுப்பு இறங்கினால் நீண்ட நடைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

பயிற்சி என்றால், இடப்பக்கம் சாய்ந்து படுத்து, கால்களுக்கு நடுவே தலையணையோடு, வலது காலை நேராக ஒரு சாண் தூக்கி மெதுவாக இறக்குவது. பத்துப் பத்தாக மூன்று தடவை, காலையும் மாலையும். உயரமான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. உங்கள் டாக்டர் சரி என்றால் பிறகு படி ஏறி இறங்குவது: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். வெளியே நடக்கும்போது கைத்தடியை விடாதீர்கள், அதை இடது கையில் பிடியுங்கள். வலது காலுக்கு வலது கையில் பிடிப்பவர்கள்தான் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர்.

ஒன்றரை கிலோமீட்டரை இரண்டாகப் பிரித்து நடங்கள். சாய ஆரம்பித்ததும் அன்றைய கணக்கு முடிந்தது. மறுநாள் காலை வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால் முந்தின நாள் தூரம் அதிகம் என்று அர்த்தம். வாரம் அரை கிலோமீட்டர் கூட்டினாலும் பூசத்துக்கு ஐந்தரை வரும். இருபது வராது அண்ணே, அதுவும் நாள் தவறாமல்.

காலையில் வற்றும் வீக்கம் இந்தக் கட்டத்தில் சகஜம். ஆனால் ஒரு பக்கக் கெண்டைக்கால் இறுகி, சூடாகி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி. ரத்தக் கட்டியாக இருக்கலாம். தையல் இடத்தில் கசிவு, காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

ரெண்டு மூட்டுக்காரன்:
தேவகோட்டை. வயது 61. இடது 2016, வலது 2019. மேலே பிசியோ சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யாராவது எண்ணெய் போட்டு நீவி விடுகிறேன் என்று வருவார்கள், நம் ஊரில் வராமல் இருக்க மாட்டார்கள். வீங்கிய கெண்டைக்காலை நீவ விடாதீர்கள். உள்ளே கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

ஷட்டில்: நான் ஏழு மாதம் கழித்து, டாக்டர் ஒப்புக்கொண்ட பிறகு இறங்கினேன். டபுள்ஸ் மட்டும். எகிறி அடிப்பதில்லை, மூலைப் பந்துக்கு ஓடுவதில்லை. முதல் மாதம் பார்ட்னர் திட்டிக்கொண்டே இருந்தான், இப்போது அவனுக்கு முழங்கால் போய்விட்டது, திட்டுவதில்லை. டென்னிஸ்காரர் ஆண்டி மர்ரே இடுப்பில் உலோகம் வைத்து 2019 ஜனவரியில் ஆபரேஷன் செய்து அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் பட்டமே ஜெயித்தாரே என்று ஒருவர் எனக்கு அனுப்பினார். அவருக்குச் செய்தது ரீசர்ஃபேசிங், பந்தை வெட்டி எடுக்காமல் மேலே தொப்பி மாட்டுவது. நமக்குப் பந்தையே எடுத்துவிட்டுத் தொடை எலும்புக்குள் தண்டு இறக்கியிருக்கிறார்கள். தவிர அவருக்கு 31 வயது, கூடவே ஒரு பட்டாளம்.

2019ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுக் கணக்குப்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 வருஷம் தாங்குகின்றன. 54ல் மாற்றியவருக்கு அது 79 வயது. இரண்டாம் தடவை மாற்றுவது முதல் தடவை போல லேசு இல்லை. ஒரு பூசத்துக்காக அவசரப்படுவதா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சைக்கிள், நீச்சல், நடை எல்லாம் ஆயுசுக்கும் உண்டு.

குன்றக்குடி நடை:
எல்லோருக்கும் நன்றி. பிசியோ தம்பி, நீங்கள் சொன்னபடி கண்ணாடி முன்னால் நின்றேன். ஒன்பது எண்ணும்போதே இடது பக்க வேட்டிக் கரை இறங்குவது தெரிந்தது. மகள் இதையும் வீடியோ எடுத்தாள். கைத்தடி இத்தனை நாளும் வலது கையில்தான் இருந்தது.

கூட்டத்தில் பேசிவிட்டேன். இந்த வருஷம் சாப்பாட்டு வேனோடு போய் ஒவ்வொரு தங்கலிலும் முன்னால் இறங்கி, பந்தி விசாரிக்கிற வேலை. வேனில் முன் சீட், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும் என்று டாக்டர் போனில் சொன்னார். கடைசி நாள் பழனி ஊருக்குள் மட்டும் இரண்டு கிலோமீட்டர் கூட்டத்தோடு நடப்பேன், மலைக்கு வின்ச்.

ஆச்சி, தங்கை வீட்டில் மேசை போடச் சொல்லியாகிவிட்டது. போட்டதும் முதல் ஆளாகச் சம்பந்தி உட்காரப் போகிறாராம், அவருக்கு ரெண்டு முழங்காலாம்.

பள்ளத்தூர் ஆச்சி:
வேனில் ஏறும்போது முதலில் சீட்டில் பின்பக்கமாக உட்கார்ந்து, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே கொண்டு வாருங்கள். சீட் தாழ்வாக இருந்தால் ஒரு கெட்டித் தலையணை போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சாமிர்தம் ரெண்டு டப்பா எனக்கு.