மறு: சிஓக்யூ2 நொதிக்குத் தமிழ்ப்பேர், வியாழனுக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். சிஓக்யூ2-ங்கிற மரபணு உண்டாக்குற நொதிக்கு (உடம்புக்குள்ள வேதிவேலையை நடத்துற புரதம்) பெத்தவங்களுக்கான தாள்ல என்ன பேர் போடலாம்னு பேசிட்டிருக்கோம். "வால்பூட்டி"யா, "பல்பிரினைல் இடமாற்றி"யாங்கிறதுதான் கேள்வி. முதல்ல அய்யா எழுதினதுக்குப் பதில்:

> "வால்பூட்டி" பிழை. வேற்றுமைல லகரம் றகரமாகும், "வாற்பூட்டி"ன்னுதான் வரணும்.

அய்யா, விதி சரிதான், யாழ்ப்பாணத்துல காற்சட்டைன்னே எழுதுறாங்க. ஆனா "வாற்"னு பார்த்தா வால்னு எத்தனை பேருக்குத் தோணும்? குழந்தைக்கு மூத்திரம் நுரைநுரையா போகுது, முகம் வீங்கிக் கிடக்கு, ஸ்டீராய்டுக்கும் கேக்கல, ஜீன் டெஸ்ட்ல சிஓக்யூ2-ன்னு வந்திருக்கு, அந்த அம்மா அப்பா கைக்குப் போற தாள் இது. இந்த நொதி உண்டாக்க உதவுற க்யூ10-ங்கிற பொருளையே மருந்தா சீக்கிரம் ஆரம்பிச்சா சில குழந்தைங்களுக்கு கிட்னி தேறுது, அதனால அவங்க படிச்சதும் புரியணும்.

இந்த நொதி என்ன பண்ணுது? ஒரு சின்ன வளையத்துல நீள வாலைப் பூட்டுது, அஞ்சஞ்சு கார்பனா பத்து கண்ணி. ஈஸ்ட்ல ஆறு கண்ணிதான், நமக்குப் பத்து, மாத்திரை அட்டைல க்யூ10-னு போடுறது அதான். ஏர்ல மாடு பூட்டுற அதே பூட்டு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட இந்த ரெண்டு பெயரையும் வாசிச்சுக் காட்டினேன், "பல்பிரினைல் இடமாற்றி"ன்னதும் பல்லுக்கு என்னன்னு கேட்டாங்க.

பூட்டின்னா கொள்ளுப்பாட்டியாச்சேன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். எங்க ஊர்லயும் பூட்டன் பூட்டி உண்டு, ஆனா மண்வெட்டி, மரங்கொத்தி வரிசைல இதுவும் இகர விகுதிதானே.

அடுத்து, க்யூ10-ஐ "கோஎன்சைம்"னு சொல்றாங்களே, அது இணைநொதியா துணைநொதியா? க்யூ நொதியே இல்ல, செல்லுக்குச் சக்தி தர்ற இழைமணிக்குள்ள (மைட்டோகாண்ட்ரியா) எலெக்ட்ரானைச் சுமந்துட்டுப் போறது. சமமா நின்னா இணை, கூட வந்தா துணை, வழித்துணைன்னுதானே சொல்றோம். துணை முதல்வர் மாதிரி கீழ்ப்பதவியா தொனிக்குதுங்கிறது சரியான ஆட்சேபம்தான், ஆனாலும் நான் துணை பக்கம்.

அப்புறம் க்யூவுக்கே "எங்கணுங்கினோன்"னு ஒரு பேர் வந்திருக்கு. 1957-ல கிரேன்ங்கிற விஞ்ஞானி மாட்டு இதயத்துலருந்து க்யூவைப் பிரிச்செடுத்தார், அதுக்கு, எங்க பார்த்தாலும் இருக்கேன்னு மார்ட்டன்ங்கிற விஞ்ஞானி யுபிக்வினோன்னு பேர் வச்சார், அதுக்கு நம்ம குழு அக்கா கட்டின சொல் அருமை, பாடப்புத்தகத்துல வரணும். இந்தத் தாள்ல போட்டா மருந்துக்கடைல கேட்டு வாங்க முடியாது.

இதுவரைக்கும் நாலு பேர் வால்பூட்டி, அய்யா வாற்பூட்டி, குழு அக்கா இடமாற்றிய விடல. நான் "வால்பூட்டி நொதி"ன்னு போட்டுடறேன், மரபணு பேரை ரிப்போர்ட்ல இருக்கிறபடியே விட்டுடறேன்.

ஒண்ணு பாக்கி. அம்மாகிட்ட இந்த மரபணுவோட ஒரு பழுதான நகல், அப்பாகிட்ட ஒண்ணு, ரெண்டு பேருக்கும் நோய் இல்ல, ரெண்டும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்துடுது. அவங்கள "நோய் கடத்தி"ன்னு எழுத எனக்குக் கை வரல, என்னமோ கள்ளக்கடத்தல் பண்ணினவங்க மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு நல்ல சொல் நாளைக்குள்ள யாராவது சொல்லுங்க.