லுர்ஸா எண் போட்டார், நெய்தது யார்?

கித்தான்:
ழான் லுர்ஸாதான் 20ஆம் நூற்றாண்டின் மாபெரும் நெசவுக் கலைஞர் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எரிச்சலாக இருக்கிறது. அவர் ஓவியர். சுவரில் தொங்கும் கம்பளிப் படத்திரைகளுக்குத் தாளில் கோடு போட்டு நடுவே எண் எழுதிக் கொடுத்தார். நெய்தவர்கள் பிரான்ஸின் ஒபுஸோன் ஊர்த் தறிக்காரர்கள். 17 என்றால் 17ஆம் நம்பர் கம்பளி, அவ்வளவுதான்.

பாவுநூல்:
அந்த எண்தான் அவர் செய்த பெரிய காரியம். 18ஆம் நூற்றாண்டில் ஓவியர் ஊத்ரி நெசவுப் பட்டறைகளுக்குப் பொறுப்பாக வந்ததும், எண்ணெய் ஓவியத்தை அப்படியே கம்பளியில் நகலெடு என்றார்கள். ஒரே திரைக்கு நூற்றுக்கணக்கான சாயல்கள். வெளிச்சம் பட்டால் மெல்லிய இடைநிறங்கள்தான் முதலில் வெளுக்கும். முகத்தில் மூக்கு நிற்கும், கன்னத்து நிழல் போய்விடும். லுர்ஸா ஏறக்குறைய 40 நிறங்களோடு நிறுத்தினார். சென்டிமீட்டருக்குப் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) 5 இழை, தடித்த நூல். பிரான்ஸின் ஆன்ஜே நகரில் உள்ள, பைபிளின் உலக முடிவைக் காட்டும் 14ஆம் நூற்றாண்டு அபோகலிப்ஸ் திரைகளைப் பார்த்து எடுத்த முடிவு அது.

கித்தான்:
வரலாறு வேண்டாம். எண் போட்டவர் நெய்தாரா?

லினன்_2:
முதலில் பெயரைச் சரியாக எழுதுங்கள். லுர்காட்.

பாவுநூல்:
பிரெஞ்சில் எழுதும்போது அந்த 'சி'க்கு அடியில் வால் இருக்கிறது, ஒலி 'ஸ'. கடைசி 'டி' ஒலிக்காது. போன மாதம் பாரீஸின் இன்றைய கொப்லான் பட்டறையில் பாவு செங்குத்தாக நிற்கும் நிமிர்தறியைப் படுக்கைத் தறி என்றவரும் நீங்கள்தானே?

லினன்_2:
அதை இன்னும் விடவில்லையா? கொப்லானில் ஒரு காலத்தில் இரண்டும் இருந்தன. அதையும் எழுதியிருந்தேனே!

பாவுநூல்:
'இன்றைய' என்றேன். ஒபுஸோனில் இருப்பது படுக்கைத் தறி. வரைபடம் பாவுக்கு அடியில் கிடக்கும். முகப்பு கீழே, நெய்பவர் பார்ப்பது முதுகுப்பக்கம். சரிபார்க்கக் கண்ணாடியை அடியில் நுழைக்க வேண்டும். அதனால் படத்தை இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும், இல்லாவிட்டால் வாள் இடக்கைக்குப் போய்விடும். நான்கு பேர் ஒரே தறியில் வரிசையாக உட்கார்ந்து, தீட்டிய படத்தைப் பார்த்து ஆளுக்கொரு சிவப்பை எடுத்தால் என்ன ஆகும்? எண் அதைத் தடுக்கிறது.

ஊடைக்கை:
எண் இழுவையைச் சொல்லாது. பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடையை இறுக்கினால் ஓரம் உள்ளே சுருங்கும். தளர விட்டால் நடுவில் உப்பும். பாவின் போக்கில் நேர்கோடாக நிறம் மாறினால் பிளவு விழும், ஊசியால் தைக்க வேண்டும். இதில் ஒன்றாவது உங்கள் எண்ணில் இருக்கிறதா?

கித்தான்:
இதைத்தானே நானும் சொல்கிறேன்!

பாவுநூல்:
இல்லை, நீங்கள் சொன்னது 'அவ்வளவுதான்'. நிறம் நிறத்துக்குள் சீப்புப் பல்லாக இறங்கும் ஹாஷூர்களையும் அவர் வரைபடத்திலேயே வரைந்தார். அவருடைய 'உலகின் பாடல்' தொடர் 10 திரைகள், ஏறக்குறைய 80 மீட்டர் நீளம். 1957இல் தொடங்கியது, 1966இல் அவர் இறந்தபோதும் தொடர் முடியவில்லை. நல்ல கைக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போகும். ஒருவரே வரைந்து, ஒருவரே நெய்ய வேண்டும் என்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

கித்தான்:
போட்டேன். அதிலும் நெய்தவர் பெயர் வரவில்லை.

ஊடைக்கை:
ஒபுஸோனின் தபார் பட்டறை.

கித்தான்:
பட்டறையின் பெயர் அது. ஆளின் பெயரைச் சொல்லுங்கள்.

பாவுநூல்:
அபோகலிப்ஸை மட்டும் வரைந்தவரே நெய்தாரா? வரைந்தது ஹென்னெகன், நெய்தது வேறு கைகள். அதை யாரும் கேட்பதில்லை, லுர்ஸா என்றால் மட்டும் கேட்கிறீர்கள்.

லினன்_2:
ஹென்னெகின்.