புதுப்பிப்பு: 9 மி.மீ. துவக்கு ரவைக்கு எந்த வெடிமருந்து?

போட்டிகளில் சுடும் ரொறொன்ரோ மச்சான், ரவையைத் தானே கட்ட ரைட்குறூப் மருந்தா என்320 மருந்தா என்று குழம்பியதை முன்பு எழுதியிருந்தேன். லீவுக்குக் கிளிநொச்சி வந்தவர் முடிவைச் சொன்னார்: பின்லாந்து என்320 தான்.

ரைட்குறூப் மலிவு. ஆனால் துளியே போடுவதால் ரவைக் கோதுக்குள் இரண்டு தரம் விழுந்தாலும் வழியாது, கண்ணுக்குப் பிடிபடாது. இரட்டை மருந்தில் துவக்கே வெடிக்கலாம், அதுதான் பயம். சூடும் கூட. என்320 புகை குறைவு.

ஐ.பி.எஸ்.சி. என்ற துப்பாக்கிப் போட்டி அமைப்பின் மைனர் பிரிவுக்கு, குண்டின் எடையையும் வேகத்தையும் வைத்துக் கணக்கிடும் சக்தி எண் 125 ஆவது வேணும். 124 கிரெய்ன் எடையுள்ள குண்டு நொடிக்கு 1050 அடி போனால், பெருக்கி ஆயிரத்தால் பிரிக்க 130.2. வேகம் கொஞ்சம் இறங்கினாலும் தப்பலாம். மருந்தின் அளவுக்குத் தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

பக்கத்தில் இருந்த அப்பு கேட்டார்: “இது இடியன் துவக்குக்குச் சரிவருமோ?”

மச்சான் பதறினார்: “ஐயோ அப்பு, அது கறுப்பு மருந்துக்குச் செய்தது. இதைப் போட்டால் குழல் வெடிச்சிடும்!”