சத்தத்துக்கு நடுங்கும் நாயோடு குடித்தனம்

ஐப்பசி பிறந்துவிட்டால் "தீபாவளிக்கு நாயை என்ன செய்வது?" என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் தீபாவளி அவ்வளவு பெரிய தலைவலி இல்லை. என்றைக்கு என்று காலண்டரிலேயே இருக்கிறது. 2018-லிருந்து காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு நேரமும் குறித்திருக்கிறது; அதை யார் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. எங்களை உலுக்கிப் போடுவது சொல்லாமல் வருகிற சத்தம்தான். சாவு ஊர்வலத்து வெடி, கல்யாண மண்டபத்துப் பேண்டு செட்டு, கோடை இடி, எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அடுப்படியிலேயே இருக்கிற குக்கர்.

மணி நாட்டு நாய், பெட்டை. சேலத்தில் எங்கள் தெருக்கோடியில் வீடு கட்ட வந்தவர்கள் வேலை முடிந்து கிளம்பியபோது விட்டுவிட்டுப் போனது. எங்களிடம் வரும்போதே வளர்ந்த நாய்; பல்லைப் பார்த்து இரண்டு வயதிருக்கும் என்றார் டாக்டர். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரைதான் ஒரு குட்டி மனிதர்களையும் சத்தங்களையும் சுலபமாகப் பழகிக்கொள்ளும். அந்த வயதில் மணி எங்கே இருந்தாள், என்ன பட்டாள் என்று யாருக்கும் தெரியாது.

நடுக்கம் வந்த பிறகு பயத்தைக் கண்டுபிடித்துப் பிரயோசனம் இல்லை. அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். வாயில் ஒன்றும் இல்லாமலே உதட்டை நக்குவாள். தூக்கம் வராமலே கொட்டாவி விடுவாள். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டும்போது வெள்ளை முழி பிறை மாதிரி தெரியும். மொசைக் தரையில் நடந்தால் ஈரக் காலடி பதியும். நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில்தான். அந்த ஈரத்தடத்தைப் பார்த்ததும் அம்மா ஜன்னலைச் சாத்த எழுந்துவிடுவார். இந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டால் குளியலறைக்குள் போய் வாளிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

பயிற்சி என்றதும் எல்லோருக்கும் 'உட்கார், படு, கை கொடு' என்பதுதான் நினைவுக்கு வருகிறது. மணிக்கு உட்காரத் தெரியும். இடி இடிக்கும்போது உட்காரச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பயிற்சி கொடுக்கிறேன் என்று வந்த ஒருவர், சங்கிலியைச் சுண்டி இழுத்தால் பயமெல்லாம் ஓடிவிடும் என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம். அடித்தால் உறுமல் நின்றுபோகும், பயம் நிற்காது. பயமும் இருந்து, உறுமவும் கூடாது என்றால் அந்த நாய் எச்சரிக்காமல் கடிக்கும்.

அப்பாவுக்கு வேறொரு சந்தேகம்: பயந்திருக்கும்போது தடவிக்கொடுத்தால் செல்லம் கூடி, பயமும் கூடிவிடாதா? கூடாது. பயம் அது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை. பக்கத்தில் வந்து சாய்ந்தால் தாராளமாகத் தடவலாம். வராத நாயை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதுதான் தப்பு.

எங்களுக்குக் கைகொடுத்தது ஆட்டு ஈரல். குக்கர் விசிலைச் செல்போனில் பதிவு செய்து, காதுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற அளவில் வைத்துப் போடுவோம். விசில் நின்றதும் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. வரிசை மாறவே கூடாது: முதலில் சத்தம், அப்புறம் ஈரல். ஈரலைக் காட்டிவிட்டுச் சத்தத்தைப் போட்டால், ஈரலைப் பார்த்தாலே "ஐயோ, ஏதோ வரப்போகிறது" என்று நாய் ஓட ஆரம்பிக்கும். விசில் கேட்டதும் காதை மடக்காமல் நம் கையைப் பார்க்கிறது என்றால் மட்டும் அடுத்த முறை ஒரு புள்ளி சத்தத்தைக் கூட்டலாம். ஈரலை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான். பயத்தில் இருக்கிற நாய்க்குத் தீனி இறங்காது, பாடமும் ஏறாது.

நிஜக் குக்கருக்கு வந்தபோது மறுபடி அடியிலிருந்து தொடங்கினோம். அப்பா அவளோடு மொட்டை மாடியில், குக்கர் கீழே. பிறகு மாடிப்படி, பிறகு கூடம், பிறகு அடுப்படி வாசல். இப்போது விசில் வந்தால் எங்கிருந்தாலும் எழுந்து அம்மாவிடம் வந்து நிற்கிறாள். பருப்பு வேகிற நேரத்தில் ஈரல் கிடைக்கும் என்று கணக்கு.

வெடிக்கு இது பாதிதான் பலித்தது. செல்போன் ஒலிபெருக்கியில் வெடியின் 'டம்' வராது. நிஜ வெடியில் அந்த அதிர்வு தரை வழியாகவும் போகிறது. 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் போகிற பட்டாசைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அது மனிதக் காதை மனதில் வைத்து எழுதியது. நம் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். அதனால் வெடிக்குப் பயிற்சியை மட்டும் நம்பாமல் இடத்தை மாற்றினோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து, மூன்று பக்கமும் தடிப்போர்வை, பக்கத்தில் கடகடக்கிற பழைய டேபிள் ஃபேன். ஃபேன் சத்தம் வெளிச்சத்தத்தை நன்றாகவே அமுக்குகிறது. உள்ளே போனால் யாரும் தொடக்கூடாது, விருந்தாளிக் குழந்தைகள் உள்பட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயம் சேர்ந்துகொண்டே போகும். காலையில் பேண்டு செட்டு வந்த நாளில், சாயங்காலம் நன்றாகத் தெரிந்த சிலிண்டர்காரரைப் பார்த்தே குரைத்துத் தள்ளினாள். அவர் மேல் கோபமில்லை, காலையில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. அப்படியான நாளுக்கு மறுநாள் தெருப்பக்கமே கூட்டிப்போவதில்லை. மாடியில் உலாத்தல், துணிக்குள் முடிச்சுப் போட்ட தீனியைத் தேடி எடுப்பது, தூக்கம்.

மறுமொழி, சென்னையிலிருந்து

அக்கா, எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. தனிமைதான். இருவரும் வேலைக்குக் கிளம்பினால் நிலைக்கதவைப் பிராண்டிப் பிராண்டி நகம் கிழிந்து ரத்தம் வரும். கீழ்வீட்டுக்காரர் "நாள் பூரா ஊளை" என்றார். பழைய செல்போனை அலமாரியில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தோம். நாங்கள் போன பிறகு ஆரம்பிக்கும் என்று நினைத்தால், சாவியை எடுத்த நொடியிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது.

அதனால் சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்து டிவி பார்த்தோம். செருப்பைப் போட்டுக்கொண்டு சமைத்தோம். சாவிக்கு அர்த்தமில்லை என்று ஆன பிறகுதான் கதவைத் திறந்து வெளியே நின்று, அது எழுவதற்குள் உள்ளே வருவது. முதலில் சில விநாடி. பிறகு நிமிடம். அரை மணி வரைக்கும்தான் மலை ஏறுவது மாதிரி கஷ்டம், அதற்கு மேல் சரசரவென்று போய்விட்டது. இந்தக் காலத்தில் நிஜமாகவே தனியாக விடக்கூடாது என்பதுதான் சிக்கல். மாமியார் ஊரிலிருந்து வந்து இருந்தார். அவர் இல்லாவிட்டால் நடந்திருக்காது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். பதற்றத்தைக் குறைக்கிற ஃப்ளூவாக்ஸிடின் எழுதினார்கள். மனிதர்களுக்குத் தருகிற அதே மருந்துதான், ஆனால் அளவு நாயின் எடைக்கு. வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் பசி குறைந்தது, பயந்துபோனோம், பிறகு சரியாகிவிட்டது. மாத்திரை போட்டு நாயை மயக்கி வைக்கிறீர்களா என்று உறவில் கேட்டார்கள். மயங்கவெல்லாம் இல்லை, பந்துக்கு முன்னைவிட அதிகமாக ஓடுகிறது. பாடம் மண்டையில் ஏறுகிற அளவுக்குப் பதற்றம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மறுமொழி, மதுரையிலிருந்து

வீட்டுக்குள் எல்லாம் சரி. வெளியே கூட்டிப்போவதைப் பற்றி யாராவது எழுதுங்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு முக்கிலும் ஒரு கூட்டம் நாய். என் பையன் (லாப்ரடார்தான், வீரன் ஒன்றும் இல்லை) அதுகளைப் பார்த்தால் கயிற்றை முறுக்கிக்கொண்டு என் காலுக்கிடையில் நுழைவான். நான் கண்டுபிடித்த வழி: விடியற்காலை நாலரை மணி, ஒரே தெரு, தெரு நாய்களுக்குப் போட ஒரு பிடி பிஸ்கட். தூரத்திலேயே பிஸ்கட்டை எறிந்துவிட்டுத் திரும்பி நடப்பேன். நேருக்கு நேர் கடந்து போவதே இல்லை. "தொடலாமா அங்கிள்?" என்று வருகிற பிள்ளைகளிடம் வேண்டாம் கண்ணு என்று சொல்லப் பழகியதுதான் இதில் கஷ்டமான பாடம். வாய்க்கூடை மாட்டியபின் யாரும் கேட்பதே இல்லை. அதை மாட்டினாலும் மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க முடிய வேண்டும். துணியால் வாயை இறுக்குகிற வகையை நம் வெயிலில் வாங்காதீர்கள்.

இந்தத் தீபாவளிக்கு மட்டும் ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா?

மறுமொழி, சேலத்திலிருந்து

மதுரை அண்ணா, கொடுக்கலாம், டாக்டர் எழுதினால். மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள், போன வருடம் மீந்ததையும் கொடுக்காதீர்கள். அசிப்ரோமசின் என்று ஒரு பழைய மருந்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. உடம்பு சாய்ந்துவிடும், பயம் அப்படியே இருக்கும். அசைய முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடக்கும். அதை மட்டும் எழுதினால் வேறு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். மணிக்கு எழுதியது டிராசடோன் என்கிற பதற்றம் குறைக்கும் மாத்திரை; வெடி ஆரம்பிக்க இரண்டு மணி நேரம் முன்னதாகக் கொடுப்போம். பயம் ஏறிய பிறகு கொடுத்தால் பாதிதான் பிடிக்கிறது.

முக்கியமாக, தீபாவளியன்று முதல் தடவையாகக் கொடுக்காதீர்கள். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள். சில நாய்க்குத் தூக்கத்துக்குப் பதிலாக எரிச்சல் வரும், தள்ளாட்டம் வரும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டருக்கும் நேரம் இருக்கும். பண்டிகையன்று இருட்டுவதற்குள் ஒன்றுக்கு, இரண்டுக்குக் கூட்டிப்போய்விட்டு வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் செல் நம்பரை அழியாத மையில் எழுதிவிட்டு, கேட் தாழ்ப்பாளை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். அதிர்ச்சியில் ஓடுகிற நாய் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நிற்காது.