நிக்கல் பிலிம்ல ஸ்ட்ரெய்ன் பார்க்க எம்எஃப்எம் படம் போதுமா?

உப்புவெளி_தர்சி:
வணக்கம், திருகோணமலையில இருந்து கேக்கிறன். பைனல் இயர் புரொஜெக்டுக்கு கண்ணாடியில 200 நானோமீட்டர் நிக்கல் பிலிம் போட்டிருக்கிறம், ஏஎஃப்எம் (நுண்ணிய ஊசியால மேற்பரப்பைத் தடவிப் பார்க்கிற நுண்ணோக்கி) இஞ்ச இல்ல, கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் ஸ்கேன் பண்ணினது. எம்எஃப்எம் (அதே கருவியில காந்த ஊசி வச்சு எடுக்கிற) படத்தில கறுப்பு வெள்ளைக் கோடு வடிவா வந்திருக்கு, அந்தக் கலரை வச்சு எங்க ஸ்ட்ரெய்ன் (பிலிம் இழுபட்ட அளவு) கூட எண்டு சொல்லேலுமா?

லாக்_இன்_அண்ணா:
ஏலாது தங்கச்சி. எம்எஃப்எம்ல டிப் (அந்த ஊசி முனை) மேற்பரப்பில இருந்து கொஞ்சம் உயரத்தில போகும், காந்த விசை இடத்துக்கிடம் மாறுறதாலதான் அந்தக் கறுப்பு வெள்ளை. பிலிம் இழுபட்டு நிண்டா நிக்கலோட காந்தமாக்கம் மேல்நோக்கித் திரும்பப் பார்க்கும், அதால கோடு வந்ததுக்கு ஸ்ட்ரெய்ன் காரணமா இருக்கலாம், ஆனா கலர் ஸ்ட்ரெய்னோட அளவில்ல.

நேரா அளக்கிறதெண்டா சாம்பிளுக்குக் கீழ கொயில் வச்சு ஏசி காந்தப்புலம் குடுத்து, காந்தப் பூச்சில்லாத டிப்பை மேற்பரப்பில தொட வச்சு, அது எவ்வளவு துடிக்குது எண்டு லாக்-இன்ல (தெரிஞ்செடுத்த அதிர்வெண்ல வாற சிக்னலை மட்டும் பிரிச்செடுக்கிற கருவி) பார்க்கவேணும். நிக்கலோட காந்தச்சுருக்கம் (காந்தப்புலத்தில நீளம் மாறுறது) மில்லியனுக்கு கிட்டத்தட்ட 34 பங்கு, 200 நானோமீட்டருக்குக் கணக்குப் பார்த்தா 7 பிக்கோமீட்டர்தான், ஒரு நிக்கல் அணுவோட விட்டத்தில முப்பதில ஒரு பங்கும் இல்ல! அதால கான்டாக்ட் ரெசனன்ஸ்ல (தொட்டபடி நிக்கிற டிப் ஆகக்கூடத் துடிக்கிற அதிர்வெண்ல) ஓட்டித்தான் சிக்னலைப் பெருப்பிக்கிறது.

இன்னொண்டு, இதைக் கட்டாயம் கவனியுங்கோ. புலம் எந்தப்பக்கம் திரும்பினாலும் நிக்கல் சுருங்கத்தான் செய்யும், அதால டிசி புலம் இல்லாட்டி சிக்னல் ஏசி புலத்தோட இரட்டை அதிர்வெண்ல வரும். கொயில் சூடாகி சாம்பிள் விரியிறதும் அதே இரட்டை அதிர்வெண்லதான். நிக்கல் போடாத வெறும் கண்ணாடியையும் அதே செட்டிங்ல ஓட்டுங்கோ, அங்கயும் சிக்னல் வந்தா அது காந்தச்சுருக்கம் இல்ல.

கருமணல்:
அண்ணா, புல்மோட்டை மணல்ல ஒரு துகளை எடுத்து இப்பிடிப் பார்க்கேலுமா?

லாக்_இன்_அண்ணா:
அந்தத் துகள் இல்மனைட் கனிமம் எண்டா வேலையில்ல, அறை வெப்பநிலையில அதுக்கு டொமைனே (காந்தமாக்கம் ஒரே திசையில நிக்கிற பகுதி) கிடையாது. மேக்னடைட் துகள் கிடைச்சா ரெசின்ல பதிச்சு கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணிப் பாருங்கோ, அதில டொமைன் நல்லாத் தெரியும்.

உப்புவெளி_தர்சி:
நன்றி அண்ணா. எங்களிட்ட கொயிலும் இல்ல, லாக்-இன்னும் இல்ல. வேற வழி இருக்கா?

லாக்_இன்_அண்ணா:
அப்ப மறுபக்கத்தால வாங்கோ, ஸ்ட்ரெய்னை நீங்களே குடுங்கோ. கண்ணாடி உடைஞ்சிடும், பொலிஇமைட் (வளையிற பிளாஸ்டிக்) தாள்ல நிக்கல் போட்டு, தெரிஞ்ச வளைவு இருக்கிற கட்டையில ஒட்டி எம்எஃப்எம் எடுங்கோ, வளைக்காத துண்டையும் பக்கத்தில வச்சு எடுங்கோ. இழுக்கிற திசைக்குக் குறுக்கா காந்தமாக்கம் திரும்பவேணும், நிக்கலுக்கு அப்பிடித்தான். தாளோட தடிப்பும் வளைவு ஆரையும் தெரிஞ்சா ஸ்ட்ரெய்ன் எவ்வளவெண்டு கையாலயே கணக்குப் பார்க்கலாம்.